குருதித் துளியில் புரதத்தை அளந்த ரோசலின் யாலோ

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், 1921ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19ஆம் நாள், எளிய யூதக் குடும்பமொன்றில் ரோசலின் பிறந்தார். தந்தையார் காகிதமும் கட்டுக்கயிறும் விற்ற சிறு வணிகர். பெற்றோர் இருவருமே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களல்லர். மகள் பள்ளி ஆசிரியையானால் போதும் என்று அவர்கள் எண்ணினர். மகளோ இயற்பியலைப் பற்றிக் கொண்டார்.

ஹண்டர் கல்லூரியில் சிறப்புறத் தேறியும் மேற்படிப்பின் கதவு எளிதில் திறக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகம், அவர் நியூயார்க்கினர், யூதர், பெண் என்று மூன்று காரணம் காட்டியது. பின்னர் வேலை கிடைக்குமென எவரேனும் உறுதி தந்தால் இடமளிப்பதாகவும் எழுதியது. அவ்வுறுதியை யார் தருவார்? சுருக்கெழுத்துக் கற்று, ஒரு பேராசிரியரிடம் செயலராய் அமர்ந்து, அவ்வழியே படிப்புக்குள் நுழைய முயன்றார் அம்மையார். 1941இல் இல்லினாய் பல்கலைக்கழகம் உதவி ஆசிரியப் பணியுடன் அழைத்தது. சுருக்கெழுத்து நூல்களை அன்றே கிழித்தெறிந்தார். 400 பேர் பணியாற்றிய அப்பிரிவில் அவர் ஒருவரே பெண். 1943இல் உடன் பயின்ற ஆரன் யாலோவை மணந்தார். 1945இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1947இல் பிராங்ஸ் படைவீரர் மருத்துவமனையில், துப்புரவுப் பணியாளரின் சாமான் அறையே அவரது ஆய்வுக்கூடமாயிற்று. 1950இல் மருத்துவர் சாலமன் பெர்சன் வந்து சேர்ந்தார். கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினை நோயாளர் உடலில் செலுத்தி, அது மறையும் வேகத்தை இருவரும் கணக்கிட்டனர். முன்பே இன்சுலின் மருந்து பெற்றவர்களின் குருதியில் அது நெடுநேரம் தங்கியது. எதிர்ப்புரதம் ஒன்று அதைப் பற்றிக் கொள்கிறது என்று கண்டனர். இன்சுலின் போன்ற சிறு புரதம் எதிர்ப்புரதத்தைத் தோற்றுவிக்காது என்பதே அன்றைய அறிஞர் கொள்கை. ஆகவே இதழ்கள் கட்டுரையை மறுத்தன. தலைப்பிலிருந்து அச்சொல்லை நீக்கிய பின்னரே 1956இல் அது அச்சேறியது.

அதிலிருந்தே அளவை முறை பிறந்தது. ஒரு கூடத்தில் இருக்கைகள் குறைவு என்று கொள்வோம். அடையாளச் சட்டை அணிந்தோரும் அணியாதோரும் இடத்துக்குப் போட்டியிடுகின்றனர். அணியாதோர் மிகுந்தால், அமர்ந்திருக்கும் சட்டைக்காரர் குறைவர். இங்கே இருக்கை எதிர்ப்புரதம். சட்டைக்காரர் கதிரியக்க இன்சுலின். மற்றவர் நோயாளர் குருதியிலுள்ள இன்சுலின். கருவி கதிர்வீச்சை எண்ணினால், கண்ணுக்கெட்டாத இன்சுலினின் அளவு புலப்படும். 1959, 1960 ஆண்டுகளில் இம்முறை வெளியாயிற்று. நடுவயதில் நீரிழிவு கண்டோர் பலருக்கு இன்சுலின் குறையவில்லை, உடல் அதைப் பயன்படுத்துவதிலேயே குறை என்ற உண்மை இதனால் உறுதிப்பட்டது. பிறந்த குழந்தையின் தைராய்டுக் குறையையும், கொடைக் குருதியிலுள்ள ஈரல் அழற்சிக் கிருமியின் புரதத்தையும் கண்டறிய இம்முறை உதவிற்று. இருவரும் இதற்குக் காப்புரிமை கோரவில்லை. பெருஞ்செல்வம் தந்திருக்கக் கூடிய உரிமை அது.

பெர்சன் 1972இல் காலமானார். தம் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரையே அம்மையார் சூட்டினார். பின் வந்த கட்டுரை ஒவ்வொன்றிலும் அப்பெயர் அச்சாயிற்று. 1977இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி அம்மையாருக்குக் கிடைத்தது. அப்பேருரையில், அன்று கட்டுரையை மறுத்த இதழின் கடிதத்தையும் அவர் எடுத்துக் காட்டினார். 2011 மே 30இல், பிறந்த பிராங்ஸிலேயே மறைந்தார்.