மருந்து கண்ட சுப்பாராவ்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் பிறந்த மாணவர்க்குப் பதர் இன்னதெனக் கூற வேண்டுவதில்லை. களத்தில் நெல்லைத் தூற்றுங்கால் காற்றில் விலகி வீழ்வது பதர். புறத்தோற்றத்தில் அது நெல்லே. உள்ளே அரிசி இல்லை. பயனற்றவனைப் பதர் என்று பழிப்பது நம்மவர் வழக்கம். ஆயினும், பதர் போன்றதொரு பொருளே குழந்தைகளின் உயிர் காக்கும் மருந்தாயிற்று. அதற்கு வழிகோலிய பெருந்தகை எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

தஞ்சையைப் போலவே நெல் விளையும் கோதாவரி நாட்டில், பீமவரம் என்னும் ஊரில், 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் அவர் பிறந்தார். அந்நாளில் அவ்வூரும் தஞ்சையும் சென்னை மாகாணம் என்னும் ஓர் ஆட்சியின்கீழ் இருந்தன. இளமையில் அவருக்குக் கல்வியில் நாட்டமில்லை. காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டக் கருதி, வீட்டை விட்டு ஓடினார். அன்னையார் அவரை மீட்டு வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே தேறினார்.

பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் அதுகண்டு சினங்கொண்டார். அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கைகூடவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. இதற்கிடையே உடன்பிறந்தார் இருவர், உண்ட உணவு உடலில் ஒட்டாத கொடிய கழிச்சல் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். அத்துயரம் சுப்பாராவின் நெஞ்சை விட்டு அகலவில்லை. நோய்க்கு மருந்து காண்பதே தம் வாழ்வின் பணி என அவர் துணிந்தார்.

1920-களில் அவர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். வறுமையால், மருத்துவமனையில் இரவுப் பணியாளாகவும் உழைத்தார். உடற்பொருள்களில் உள்ள பாஸ்பரசை அளந்தறியும் முறையொன்றை, பிஸ்கே என்னும் அறிஞருடன் சேர்ந்து 1925-இல் வெளியிட்டார். தசைகள் இயங்குவதற்கு வேண்டிய ஆற்றல் தரும் பொருள்களையும் அவ்விருவர் ஆராய்ந்து கண்டனர்.

1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை பூண்டார். கும்பகோணம் முதலிய ஊர்களில் பலரை வருத்திய யானைக்கால் நோயின் புழுக்களை அழிக்கும் ஹெட்ரசான் என்னும் மருந்து அங்கே பிறந்தது. கீரையிலும் ஈரலிலும் உள்ள ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைச் செயற்கையாகச் செய்யும் வழியையும் அவர்தம் குழுவினர் கண்டனர். உடன்பிறந்தாரை மாய்த்த அந்நோய்க்கு அது நன்மருந்தாயிற்று. மருந்து வந்தது, அவர்கள்தாம் இல்லை.

அந்நாளில் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் இருந்தார். இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளைக் கண்டு அவர் வருந்தினார். அந்நோயில் முதிராத வெள்ளையணுக்கள் வயலில் களைபோல் பெருகும். குழந்தைகள் சில திங்களில் இறப்பர். அவர்களுக்கு ஃபோலிக் அமிலச் சார்புப் பொருள்களைக் கொடுத்தபோது, நோய் தணியவில்லை. விரைந்து பெருகுவதாகவே தோன்றியது. பார்பர் சோர்ந்துவிடவில்லை. அணுக்களுக்கு அவ்வுணவைத் தடுத்தால் நோய் ஒடுங்கும் என எண்ணினார்.

சுப்பாராவின் கூட்டத்தார் அதற்கேற்ற பொருளைச் செய்தளித்தனர். அமினோப்டெரின் என்பது அதன் பெயர். வடிவில் அது ஃபோலிக் அமிலத்தை ஒக்கும். அதன் தொழிலைச் செய்யாது. நெல்லென நம்பிப் பதரை ஏற்றவர் பசியால் வாடுவதுபோல, அதனை ஏற்ற அணு பெருக இயலாது மடியும். நல்லணுக்களையும் அது வருத்துமாதலின், அளவறிந்து கொடுத்தல் வேண்டும். 1948-இல் பார்பர் வெளியிட்ட ஆய்வில், 16 குழந்தைகளுள் 10 பேர் நலமுற்றனர். அந்நலம் நீடிக்கவில்லை, நோய் திரும்பியது. எனினும், அந்நோய் மருந்துக்கு அடங்கும் என்பது அன்றுதான் உலகுக்கு விளங்கிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53-ஆம் வயதில், சுப்பாராவ் காலமானார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை. தாம் விதைத்ததன் முழு விளைவையும் காணவில்லை. அமினோப்டெரினின் இனமாகிய மெதோட்ரெக்சேட்டைப் பிற மருந்துகளுடன் கூட்டிக் கொடுக்கும் முறை பின்னர் வளர்ந்தது. நோய் மூளையைப் பற்றாதிருக்க, தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலும் அம்மருந்தைச் செலுத்துகின்றனர். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில், வசதி நிறைந்த மருத்துவமனைகளில் இன்று பத்தில் எண்மருக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர்.

தேர்வில் இருமுறை தவறிய சிறுவனை அன்று பலர் பதர் என்று தள்ளியிருத்தல் கூடும். அன்னையார் அவ்வாறு தள்ளவில்லை. மாணவர்களே, தோல்வியுற்ற தோழனைக் காணும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள்.