லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஜன்ம தினம்

மனிதனாகப் பிறந்தவனுக்கு ஜன்ம தினம் ஒன்றுதான். அமெரிக்க ஜாஸ் சங்கீத மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கோ இரண்டு. தாம் 1900-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, அதாவது அமெரிக்க சுதந்திர தினத்தன்று, பிறந்ததாகவே அவர் ஆயுள் முழுதும் சொல்லி வந்தார். அவர் காலமாகிப் பல வருஷங்கள் சென்ற பிறகு, மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1901 ஆகஸ்ட் 4 என்ற தேதி அகப்பட்டது. ஆகஸ்ட் 4 நமக்கும் ஜன்ம தினமாதலால், அன்று அவருடைய இசைத்தட்டு ஒன்றையேனும் கேட்பது நமது வழக்கம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில், தகப்பன் கைவிட்ட ஏழைக் குடும்பத்தில் அவர் வளர்ந்தார். பழந்துணியும் கரியும் வியாபாரம் செய்த கார்னாவ்ஸ்கி என்னும் யூதக் குடும்பத்தாரின் வண்டியில் வேலை பார்த்தார். முதல் கார்னெட் குழல் வாங்கப் பணம் கொடுத்து உதவியவர்களும் அவர்களே. 1912-ம் வருஷக் கடைசி நாளிரவு, புது வருஷக் குதூகலத்தில் தெருவில் கைத்துப்பாக்கியைச் சுட்டதற்காகக் கறுப்புச் சிறுவர்களுக்கான சீர்திருத்த விடுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவருக்கு வாத்தியம் பழக்கினார். சிறை சிலருக்குக் கலாசாலையாக முடியும் என்பதை நமது நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

1922-ல் தம் குருவாகிய கிங் ஆலிவர் அழைக்க, சிக்காகோ சென்றார். 1925 முதல் 1928 வரை அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஜாஸின் போக்கையே மாற்றிவிட்டன. எல்லோரும் ஒருங்கே ஊதும் முறை பின்தங்கி, ஒரு வித்வான் தனித்து நின்று கற்பனை செய்யும் முறை மேலோங்கிற்று. குருவின் கதை வேறு. ஆலிவர் பல்லும் பணமும் இழந்து, 1938-ல் சவான்னா நகரில் வறுமையில் மாண்டார். அதற்கு முந்திய வருஷம் அவரை அங்கு கண்ட சிஷ்யர், தம் கையிலிருந்த பணத்தைக் கொடுத்து வந்தார்.

நிற்க. கைக்குட்டையும் அகன்ற சிரிப்புமாக மேடையில் நிற்கும் ஆம்ஸ்ட்ராங், வெள்ளையரை மகிழ்விக்கும் கோமாளி என்று அவரது இனத்து வாலிபர்களே ஏசினர். அந்த ஏச்சில் முற்றிலும் உண்மை இல்லாமலில்லை என்றே நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். ஆனால் 1957 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பு மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் நுழையாதபடி அர்க்கான்ஸா கவர்னர் துருப்புகளை நிறுத்தினார். ஜனாதிபதி ஐஸனோவர் தயங்கினார். சர்க்கார் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த ஆம்ஸ்ட்ராங், போவதில்லையென்று பத்திரிகை நிருபரிடம் அறிவித்து, ஜனாதிபதிக்கு நெஞ்சுரம் இல்லையென்றும் கண்டித்தார். அவருடைய பிரயாண மானேஜர் சமாதானம் கூறி மழுப்பப் பார்த்தார்; இவரோ பேசியது பேசியதுதான் என்று நின்றார். சில தினங்களில் ஜனாதிபதி ராணுவத்தை அனுப்பி மாணவர்களைப் பள்ளியில் சேர்த்தார். இவர் ஒருவரால்தான் அது நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிழைப்பைப் பணயம் வைத்துப் பேசியவர்கள் அன்று எத்தனை பேர்?

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கலாகாது என்று லூயிஸியானா ராஜ்யம் 1956-ல் சட்டம் செய்தது. தம் கோஷ்டியில் இரு நிறத்தாரையும் வைத்திருந்த அவர், சொந்த ஊரில் வாசிக்கவே மறுத்துவிட்டார். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறி, அந்தத் தடை ஒழிந்த பிறகே, 1965-ல் நியூ ஆர்லியன்ஸ் மேடையில் மீண்டும் ஏறினார்.

தமது ஜன்ம தினமென்று அவர் நம்பிய நாளுக்கு இரண்டு நாள் கழித்து, 1971 ஜூலை 6-ந் தேதி, நியூயார்க்கில் கொரோனா என்னும் பகுதியிலுள்ள தம் வீட்டில் உறக்கத்திலேயே காலமானார். பதிவேட்டின்படி அவருக்கு எழுபது வயது நிரம்ப அப்பொழுது இன்னும் 29 நாட்கள் இருந்தன.