கடல் வரை வந்து திரும்பிய சீனத் துறவி
யுவான் சுவாங் வாழ்க்கை வரலாறு

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ் முட்டுக்காடு பாலத்தில் ஏறியதும் பயணிகள் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். ஒரு பக்கம் உப்பங்கழி. மறுபக்கம் முகத்துவாரமும் கடலும். ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறவர்கள்கூடக் கொஞ்சம் பேச்சை நிறுத்துவார்கள். அரை நிமிடத்தில் பாலம் முடிந்துவிடும். அப்புறம் கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம்.

தனியாக பஸ் ஏறி, பாஷை தெரியாத தேசத்துக்குப் போய், அங்குள்ள மலைகளில் ஏறிவிட்டு வருகிறவர்கள் இன்று பலர் உண்டு. பையில் செல்போன் இருக்கிறது. பசித்தால் ஓட்டல் இருக்கிறது. வழி தவறினால் கேட்க ஆள் இருக்கிறது. இவை எதுவும் இல்லாத காலத்தில், ஒரு பெரும் பாலைவனத்தைத் தன்னந்தனியாகக் கடந்து, பிறகு பனிமலைகளையும் தாண்டி, நம்முடைய செங்கற்பட்டுச் சீமைக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். அவர்தான் சீன யாத்திரிகர் யுவான் சுவாங். அவர் வந்தது ஏறக்குறைய 640-ம் ஆண்டில்.

நம் கடற்கரையில் கப்பல் ஏறி இலங்கைக்குப் போவது அவர் திட்டம். ஆனால் போகவில்லை. பாலைவனத்தில் நாக்கு வறண்டு கிடந்தபோதுகூடத் திரும்பிப் போக மறுத்த மனிதர், இங்கே வந்து திரும்பினார். ஏன் திரும்பினார்?

வாசலில் நின்ற சிறுவன்

யுவான் சுவாங் 602-ம் ஆண்டில், சீனாவில் லோயாங் நகரத்துக்கு அருகே பிறந்தார். குடும்பப் பெயர் சென். யுவான் சுவாங் என்பது துறவியான பிறகு வந்த பெயர். தந்தை நன்றாகப் படித்தவர். உத்தியோகத்தை விட்டுவிட்டுப் புத்தகமும் கையுமாக வீட்டில் இருந்தவர். அவருடைய நான்கு பிள்ளைகளில் யுவான் சுவாங் கடைக்குட்டி.

அண்ணன் ஒருவர் புத்த பிட்சு. தம்பியும் அவரோடு மடத்துக்குப் போய்விட்டான். ஒரு சமயம் 14 பேரை மட்டும் பிட்சுக்களாகச் சேர்க்க அரசாங்கம் உத்தரவிட்டது. வந்து குவிந்தவர்களோ பல நூறு பேர். யுவான் சுவாங்குக்கு வயது 13. வயது போதாது என்று உள்ளே விடவில்லை. பையன் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றான். தேர்வு செய்ய வந்த அதிகாரி அவனைக் கண்டு விசாரித்தார். புத்தர் காட்டிய வழியைத் தொடர வந்திருப்பதாகப் பையன் சொன்னான். அந்தப் பதில் அதிகாரிக்குப் பிடித்துவிட்டது. விதியைத் தளர்த்தி அவனையும் சேர்த்துக்கொண்டார்.

618-ல் சூயி வம்ச ஆட்சி கவிழ்ந்தது. நாடெங்கும் சண்டை, பஞ்சம். அண்ணனும் தம்பியும் ஊர் விட்டு ஊர் போனார்கள். போன இடமெல்லாம் யுவான் சுவாங் படித்தார். படிக்கப் படிக்கச் சந்தேகம் அதிகமாயிற்று. இந்தியாவிலிருந்து வந்த புத்த நூல்களைப் பலர் சீன மொழியில் பெயர்த்திருந்தார்கள். ஒன்று சொல்வதை இன்னொன்று மறுத்தது. குருமார்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஒரே கடிதத்தை நாலு பேர் நாலு விதமாகப் படித்துச் சொன்னால் என்ன செய்வோம்? எழுதியவர் வீட்டுக்கே போய்க் கேட்போம். யுவான் சுவாங்கும் அப்படித்தான் முடிவு செய்தார். இந்தியாவுக்குப் போய் மூல நூல்களையே பார்த்துவிடுவது என்று கிளம்பினார்.

எல்லையைத் தாண்டக் கூடாது என்பது சக்கரவர்த்தியின் கட்டளை. யுவான் சுவாங்கும் சில பிட்சுக்களும் அனுமதி கேட்டு மனுப்போட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லை. மற்றவர்கள் ஆசையை விட்டுவிட்டார்கள். இவர் விடவில்லை. 629-ம் ஆண்டு தலைநகரிலிருந்து மேற்கே புறப்பட்டார். (627 என்று சொல்வாரும் உண்டு.)

கிழட்டுக் குதிரை

பகலில் ஒளிந்து, இரவில் நடந்தார். அவரைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு பறந்தது. எல்லை ஊரில் ஓர் அதிகாரி அந்த உத்தரவை அவரிடமே காட்டி, அவர்தானா என்று கேட்டார். யுவான் சுவாங் உண்மையைச் சொன்னார். புத்த சமயத்தில் பற்றுள்ள அந்த அதிகாரி, உத்தரவை அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டுச் சீக்கிரம் போய்விடச் சொன்னார்.

வழிகாட்ட ஓர் இளைஞன் கிடைத்தான். அவன் ஒரு கிழவரை அழைத்து வந்தான். கிழவரிடம் எலும்பும் தோலுமாக ஒரு செந்நிறக் குதிரை இருந்தது. பாலைவனத்தை அது 15 முறை கடந்திருந்ததாம். தன்னிடமிருந்த நல்ல குதிரையைக் கொடுத்துவிட்டு அந்தக் கிழட்டுக் குதிரையை யுவான் சுவாங் வாங்கிக்கொண்டார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். பிறகு அவர் உயிரைக் காப்பாற்றியது அந்தக் குதிரைதான்.

முதல் இரவே சோதனை வந்தது. ஆற்றங்கரையில் படுத்திருந்தபோது வழிகாட்டி கத்தியை உருவிக்கொண்டு எழுந்து வந்தான். சில அடி வந்தவன் தயங்கித் திரும்பினான். யுவான் சுவாங் எழுந்து உட்கார்ந்து பிரார்த்தனை செய்தார். எல்லைக் காவலரிடம் சிக்கினால் தன் தலை போய்விடும் என்பது அவன் பயம். மறுநாள் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவர் தனியாகவே போனார். இறந்த மிருகங்களின் எலும்பும் குதிரைச் சாணமும்தான் அவருக்கு வழி காட்டின.

பாலைவன ஓரத்தில் காவல் கோபுரங்கள் இருந்தன. முதல் கோபுரத்தில் இரவில் தண்ணீர் எடுக்கும்போது ஓர் அம்பு பறந்து வந்து முழங்காலை ஒட்டிப் போயிற்று. காவல் தலைவர் நல்லவர். சாப்பாடு போட்டு வழியும் சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு மணல்தான். பறவை இல்லை, புல் இல்லை. வழி தவறியது. தண்ணீர்ப் பையை எடுத்துக் குடிக்கப் போனார். பை கனமானது. கை நழுவியது. தண்ணீர் முழுவதும் மணலில் போய்விட்டது.

யுவான் சுவாங் குதிரையைக் கிழக்கே, வந்த வழியே திருப்பினார். சில மைல் தூரம் போய்விட்டார். அப்போது அவருக்குத் தம் சபதம் நினைவுக்கு வந்தது. இந்தியாவைச் சேரும்வரை ஓர் அடிகூடக் கிழக்கே வைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டவர் அவர். மறுபடியும் குதிரையை மேற்கே திருப்பினார்.

நான்கு இரவு, ஐந்து பகல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குதிரையும் அவரும் மணலில் விழுந்துவிட்டார்கள். ஐந்தாம் இரவு குளிர்ந்த காற்று வீசியது. எழுந்து கொஞ்ச தூரம் போனார்கள். திடீரென்று குதிரை, அவர் இழுத்த பக்கம் வராமல் வேறு பக்கம் நடந்தது. அவரால் தடுக்க முடியவில்லை. அது போய் நின்ற இடத்தில் பசும்புல்லும் ஒரு குளமும் இருந்தன!

ராஜா பிடித்த பிடி

பாலைவனத்துக்கு அப்பால் காவோசாங் என்றொரு சிறு ராஜ்யம். இப்போது அது சீனாவின் துர்பான் பகுதி. அந்த நாட்டு ராஜா யுவான் சுவாங்கை வரவேற்று உபசரித்தார். உபசாரம் எல்லை மீறிப் போயிற்று. தம் நாட்டிலேயே குருவாக இருந்துவிட வேண்டும் என்றார். மறுத்தால் சீனாவுக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகப் பயமுறுத்தினார்.

யுவான் சுவாங் சாப்பிட மறுத்தார். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்காம் நாள் அவர் மூச்சு மெலிந்ததைக் கண்டு ராஜா மனம் மாறினார். ஒரே ஒரு வாக்குறுதி கேட்டார். இந்தியாவிலிருந்து திரும்பும்போது இங்கே மூன்று ஆண்டு தங்க வேண்டும். யுவான் சுவாங் சம்மதித்தார். ராஜா 30 குதிரைகள், ஆட்கள், பொன், பட்டு எல்லாம் கொடுத்தார். வழியிலுள்ள 24 நாடுகளுக்கும் கடிதங்கள் கொடுத்தார். ஊர் எல்லைவரை வந்து அழுதுகொண்டே வழியனுப்பினார்.

பனிமலை

அடுத்தது தியான்ஷான் மலைத்தொடர். வானத்தைத் தொடும் பனிமலை. கோடையிலும் பனி உருகாத இடங்கள் உண்டு. ஏழு நாள் ஏறி இறங்கினார்கள். உட்கார உலர்ந்த தரை கிடையாது. பானையைத் தொங்கவிட்டுச் சமைத்தார்கள். பனிக்கட்டி மேலேயே பாயை விரித்துப் படுத்தார்கள். கூட வந்தவர்களில் பத்துக்கு மூன்று, நான்கு பேர் வீதம் குளிரில் மாண்டார்கள். மாடுகளும் குதிரைகளும் இன்னும் அதிகமாக மாண்டன. யுவான் சுவாங் பிழைத்தார். ஆனால் அங்கே உடம்பில் ஏறிய குளிர் நோய், அதன் பிறகு அவரை விட்டுப் போகவில்லை.

சமர்க்கண்ட் வழியாக ஆப்கானிஸ்தானத்துக்கு வந்தார். பாமியானில் மலையில் செதுக்கிய பிரமாண்டமான புத்தர் சிலைகளைக் கண்டு எழுதி வைத்தார். (2001-ம் ஆண்டு வெடி வைத்துத் தகர்க்கப்பட்டவை அந்தச் சிலைகள்தான்.) இந்துகுஷ் மலையைத் தாண்டிக் காஷ்மீரத்தில் இரண்டு ஆண்டு படித்தார். பிறகு நாளந்தா போனார். அங்கே சீலபத்திரர் என்ற பெரியவர் தலைமை ஆசிரியர். நூறு வயதைத் தாண்டியவர் என்று சொல்வார்கள். யுவான் சுவாங் தேடி வந்த யோக சாஸ்திரத்தை அவரே உட்கார்ந்து பாடம் சொன்னார்.

காஞ்சியில்

சீலபத்திரருடைய குரு யார் தெரியுமா? தருமபாலர். அவர் நம் காஞ்சிபுரத்துக்காரர்! காஞ்சியில் ஒரு மந்திரியின் மகனாகப் பிறந்தவர். ராஜகுமாரியை அவருக்கு மணம் செய்துவைக்க ஏற்பாடாயிற்று. முதல் நாள் இரவு அவர் ஊரைவிட்டுப் போய்த் துறவியானார். இந்தச் செய்தியை எழுதி வைத்தவர் யுவான் சுவாங்தான்.

நாளந்தாவில் படிப்பு முடிந்ததும் இலங்கைக்குப் போக அவர் விரும்பினார். வங்காளத்திலேயே கப்பல் ஏறியிருக்கலாம். நெடுங்கடலில் புயல் பயம் உண்டு, தெற்கே போனால் மூன்று நாள் கடல் பயணம்தான் என்று ஒரு தென்னாட்டுப் பிட்சு சொன்னார். அதைக் கேட்டுக் கலிங்கம், ஆந்திரம் என்று தரைமார்க்கமாகவே காஞ்சிக்கு வந்து சேர்ந்தார். நினைத்துப் பாருங்கள், மூன்று நாள் கப்பல் பயணத்துக்காக எத்தனை மாத நடை!

அப்போது காஞ்சியில் ஆண்டவர் நரசிம்மவர்ம பல்லவர், மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லர். யுவான் சுவாங் அரசரின் பெயரை எழுதவில்லை. ஜனங்களைப் பற்றி எழுதினார். மண் வளமானது, வெயில் கடுமையானது, மக்கள் தைரியசாலிகள், நம்பத் தகுந்தவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்று குறித்தார். நகரத்தின் சுற்றளவு 30 லி. ஒரு லி என்பது ஏறத்தாழ அரை கிலோமீட்டர். புத்த மடங்கள் நூற்றுக்கு மேல், பிட்சுக்கள் பதினாயிரம் பேர், இந்துக் கோயில்கள் 80, ஜைனர்களும் ஏராளம் என்று கணக்குக் கொடுத்தார்.

தென்கடலுக்குக் காஞ்சிதான் வாசல் என்று அவர் வரலாற்றில் காணப்படுகிறது. காஞ்சியோ கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். பல்லவர்களின் மாமல்லபுரம் துறைமுகத்தை நினைத்துத்தான் இப்படிச் சொன்னதாக ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள்.

கப்பல் ஏற வேண்டியதுதான் பாக்கி. அப்போது இலங்கையிலிருந்து 300-க்கு மேற்பட்ட பிட்சுக்கள் காஞ்சிக்கு வந்து இறங்கினார்கள். அங்கே ராஜா இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் என்று சொன்னார்கள். யுவான் சுவாங் அவர்களிடம் யோக சாஸ்திரத்தில் தமக்கிருந்த கேள்விகளைக் கேட்டார். சீலபத்திரர் சொன்னதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

யுவான் சுவாங் திரும்பினார். அந்தப் பிட்சுக்களில் எழுபது பேர் அவருடன் சேர்ந்து வடமேற்கே நடந்தார்கள்.

பாலைவனத்தில் இருந்த துணிச்சல் குறைந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று அவர் கையில் ஒன்றும் இல்லை, போனால் உயிர்தான் போகும். காஞ்சிக்கு வந்தபோது அவரிடம் பத்து ஆண்டுப் படிப்பு இருந்தது. அது ஊர் போய்ச் சேர வேண்டும். நடுக்கடலிலோ பஞ்சத்திலோ அவர் மாண்டிருந்தால், அத்தனை படிப்பும் அவரோடு போயிருக்கும்.

காத்திருந்த ராஜா

கன்னோசியில் ஹர்ஷ சக்கரவர்த்தி அவருக்குப் பெரிய சபை கூட்டிக் கௌரவித்தார். ஊர் திரும்பக் கடல் வழியே அனுப்பி வைப்பதாகவும் சொன்னார். யுவான் சுவாங் மறுத்தார். காவோசாங் ராஜாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே! மறுபடியும் மலை வழியையே பிடித்தார்.

சிந்து நதியில் படகு ஆடி 50 ஏட்டுச் சுவடிகள் ஆற்றோடு போயின. ஹர்ஷர் கொடுத்த யானை, மலையில் கொள்ளைக்காரர்களைக் கண்டு மிரண்டு ஆற்றில் விழுந்து இறந்தது. பாமீர் மலையைத் தாண்டிக் கோட்டான் நாட்டுப் பக்கம் வந்தபோது அந்தச் செய்தி கிடைத்தது. காவோசாங் ராஜா உயிரோடு இல்லை. 640-ம் ஆண்டிலேயே, சீனப் படை வந்த சமயத்தில் இறந்துவிட்டார். ராஜ்யமும் போய்விட்டது. யாருக்காக மலையேறி வந்தாரோ அவர் இல்லை.

அனுமதியின்றிப் போனதை ஒப்புக்கொண்டு சக்கரவர்த்திக்குக் கடிதம் எழுதினார். வரவேற்புப் பதில் வந்தது. 645-ம் ஆண்டு தலைநகர் சாங்கானில் நுழைந்தார். 20 குதிரைகள் மேல் 657 நூல்கள் வந்தன. தெருவெல்லாம் ஜனக்கூட்டம். காவியைக் களைந்துவிட்டு மந்திரி உத்தியோகம் பார்க்கும்படி சக்கரவர்த்தி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தார்.

19 ஆண்டு உட்கார்ந்தார். 75 நூல்களை முடித்தார். இடையில் பழைய குளிர் நோய் வந்து படுக்கையில் தள்ளும். அரண்மனை வைத்தியர்கள் வந்து பார்ப்பார்கள். எழுந்ததும் மறுபடி ஏட்டை எடுப்பார். 664-ம் ஆண்டு காலமானார்.

அவருடைய பயண நூல் 646-ல் முடிந்தது. அதில் 138 நாடுகள் உண்டு. 110 நாடுகள் அவர் நேரில் பார்த்தவை. 28 நாடுகளைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதினார். காஞ்சி முதல் கணக்கில் சேர்ந்தது. இலங்கை இரண்டாவது கணக்கில்.