மலையடிவாரத்தில் ஒரு கலைத்தொழிற்சாலை

நுழையும்முன்

கதையைச் சொல்லால் கூறுவது ஒரு கலை. காட்சியால் கூறுவது மற்றொரு கலை. காட்சிக்கலைக்கு ஒளி, ஒலி, நடிப்பு, படத்தொகுப்பு எனப் பலரின் உழைப்பு ஒருங்கிணைய வேண்டும். பெருநகரங்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட அக்கலையைச் சேலத்தில் வேரூன்றச் செய்து, கால் நூற்றாண்டுக்கும் மேலாக வளர்த்தவர் டி. ஆர். சுந்தரம்.

மலைச்சாலையும் நுழைவு வளைவும்

சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து 20 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் சாலை, சேலம் நகரை வந்தடைகிறது. அச்சாலையோரத்தில் பழைய நுழைவு வளைவு ஒன்று நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் திரைப்பட நிறுவனத்தின் வாயில் அது. ஒரு காலத்தில் நடிகர்களும் கவிஞர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் நாள்தோறும் அவ்வாயிலைக் கடந்து பணிக்குச் சென்றனர்.

நெசவிலிருந்து திரைக்கு

திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் 1907ஆம் ஆண்டு பிறந்தார். நெசவுத்தொழிலோடு தொடர்புடைய குடும்பத்தில் தோன்றிய அவர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். தாயகம் திரும்பியபோது தமிழில் பேசும்படம் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்து திரைத்தொழிலின் அடிப்படைகளைக் கற்றார்.

அக்காலத்தில் தமிழ்ப்படம் எடுக்க விரும்பியோர் கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களின் படப்பிடிப்பு நிலையங்களை நாட வேண்டியிருந்தது. நடிகர் குழுவை நெடுந்தொலைவு அழைத்துச் சென்று, மொழியறியாத தொழில்நுட்பக் கலைஞர்களிடம் பணிபுரிவதால் பொருளும் காலமும் விரயமாயின. இக்குறையைப் போக்கச் சேலத்திலேயே ஒரு நிலையம் அமைக்கச் சுந்தரம் துணிந்தார். 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் உருவாயிற்று. அதன் முதல் படமான சதி அகல்யா 1937இல் வெளிவந்தது. மறு ஆண்டே, மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் இந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தது.

ஆலையின் ஒழுங்கு

சுந்தரம் கற்ற நெசவுக்கல்வி வீண்போகவில்லை. பஞ்சு நூலாகி, நூல் ஆடையாவதுபோல், கதையும் படிப்படியாகப் படமாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். படப்பிடிப்பு முதல் படத்தொகுப்பு வரையிலான பணிகள் ஒரே வளாகத்தில் நிகழ்ந்தன. கலைஞர்கள் பலர் மாத ஊதியம் பெற்றனர். குறித்த நேரத்தில் பணி தொடங்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கலைஞர்களின் விருப்பத்திற்கேற்ப அவ்விதி தளரவில்லை. அக்கண்டிப்பு எல்லார்க்கும் இனித்திருக்க இயலாது. ஆயினும், ஆண்டுதோறும் படங்கள் வெளிவரவும், தொழிலாளர் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்வூதியம் பெறவும் அதுவே துணைநின்றது.

இலக்கியமும் திரையும்

தமிழ் இலக்கியத்தைத் திரைக்குக் கொண்டுவந்ததில் இந்நிறுவனத்திற்குத் தனியிடம் உண்டு. பெ. சுந்தரனாரின் மனோன்மணீயம் நாடகம் 1942இல் மனோன்மணி என்னும் படமாயிற்று. பாரதிதாசனின் எதிர்பாராத முத்தம், 1950இல் பொன்முடியாக வெளிவந்தது. குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய மந்திரி குமாரியும் அவ்வாண்டே வந்தது. அப்படத்தின் இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் இடையில் தாயகம் திரும்ப நேர்ந்தபோது, எஞ்சிய பணியைச் சுந்தரமே நிறைவுசெய்தார். நிறுவனம் நடத்திய சண்டமாருதம் இதழில் கண்ணதாசன் ஆசிரியராகப் பணியாற்றினார்.

புதுமை வேட்கை

1940இல் சுந்தரம் இயக்கிய உத்தமபுத்திரனில் பி. யு. சின்னப்பா இருவேடங்களில் தோன்றினார். கணினி இல்லாத காலம் அது. ஒளிப்பதிவுக் கருவியின் காட்சிப் பரப்பில் ஒரு பாதியை மறைத்து முதலில் ஒரு வேடத்தைப் பதிவுசெய்வர். பின்னர்ப் படச்சுருளைப் பின்னோக்கிச் சுழற்றி, மறுபாதியில் அடுத்த வேடத்தைப் பதிவர். கருவி இம்மியளவு அசைந்தாலும் உழைப்பு முழுவதும் வீணாகிவிடும். இரட்டை வேடக் காட்சிகளை அக்காலத்தில் இவ்வாறு படமாக்கினர்.

1952இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் இணைந்து தி ஜங்கிள் என்னும் ஆங்கிலப் படத்தைத் தயாரித்தார். 1956இல் எம். ஜி. ஆர்., பானுமதி நடித்த அலிபாபாவும் 40 திருடர்களும் படத்தைக் கேவாகலர் முறையில் உருவாக்கித் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப்படத்தை வழங்கினார். மலையாளத்தின் முதல் வண்ணப்படமான கண்டம் பெச்ச கோட்டு 1961இல் அவரது இயக்கத்திலேயே வெளியாயிற்று. கறுப்பு வெள்ளைப் படங்களில் தேர்ச்சி பெற்று, வெற்றியும் கண்ட ஒருவர், ஐம்பது வயதை நெருங்கும் வேளையில் புதிய நுட்பத்தைத் தொடக்கத்திலிருந்து கற்கத் துணிந்தமை கருதத்தக்கது.

நிலைத்த தடம்

1963 ஆகஸ்ட் 30 அன்று, 56ஆம் வயதில் சுந்தரம் மறைந்தார். அவர்தம் மகன் இராமசுந்தரம் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்நிறுவனத்தில் உருவாயின. பின்னாளில் படப்பிடிப்பு நிலையம் மூடப்பட்டது. இன்று நுழைவு வளைவு மட்டுமே எஞ்சியுள்ளது. எனினும், திறமை உடையோர் பெருநகரத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் எண்ணத்தை மாற்றி, அத்திறமையைத் தம் ஊருக்கே வரவழைத்தவர் என்னும் பெருமை சுந்தரத்திற்கு உரியது. கற்பனைக்கு ஒழுங்கும், ஒழுங்கிற்குப் புதுமை வேட்கையும் துணையாகும்போதே கலை நீடு வாழும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. திரைப்படமாக்கப்பட்ட தமிழ் இலக்கியங்களைப் பட்டியலிட்டு, மூலக்கதைக்கும் படத்திற்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. கலைக்குக் கண்டிப்பான ஒழுங்கு துணையா, தடையா? வகுப்பில் கலந்துரையாடுக.