பிரான்சிஸ் டே

மீனூல் கற்போர் எந்நாட்டினராயினும் டாக்டர் பிரான்சிஸ் டே என்னும் பெயரை அறிவர். அவர்க்கும் நம் காவிரி நாட்டுக்கும் உள்ள தொடர்பு அறியத் தக்கதாகும்.

இங்கிலாந்தில் 1829-ஆம் ஆண்டு பிறந்த டே, 1852-இல் சென்னைப் படையில் உதவி வைத்தியராய் அமர்ந்தார். ஓய்வுப் பொழுதிலெல்லாம் மீன்களையே ஆராய்ந்து, 1865-இல் மலையாளக் கரை மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

கொள்ளிடத்தில் 1836-இல் அணைகள் எழுந்தமையால் தஞ்சை வயல்கள் செழித்தன. ஆயினும், முட்டையிடுதற்பொருட்டுக் கடலினின்று ஆற்றை எதிர்த்தேறும் உள்ளம் மீனுக்கு அவை மதிலாயின. ஆற்றணைகளால் மீன்வளம் குன்றுமோ என்னும் ஐயத்தை அரசாங்கத்தாரிடம் எழுப்பியவர், அவ்வணைகளை வகுத்த ஆர்தர் காட்டன் துரையே என்பது வியப்பன்றோ! அதனை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது.

அவர் பல ஆறுகளையும் சென்று கண்டார். சிறு கண் வலைகளில் குஞ்சுகள் மடிவதையும், நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதையும் கண்டு வருந்தினார். 1871-இல் இந்திய மீன்துறைத் தலைமை மேற்பார்வையாளராயினார். அணைகளில் மீன் ஏற வழி வேண்டும், வலைக்கண்ணுக்கு அளவு வேண்டும், நீரை நஞ்சாக்குதல் கூடாது என 1873-இல் அறிக்கை அளித்தார். சட்டமோ உடனே பிறந்திலது.

1877-இல் ஓய்வு பெற்று, மறு ஆண்டில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை முடித்த டே, 1889-இல் செல்டென்ஹம் நகரில் காலமானார். வெடியாலும் நஞ்சாலும் மீன் கொல்லுதலைத் தடுக்கும் இந்திய மீன்பிடிச் சட்டம் 1897-இல்தான் நிறைவேறிற்று. அதனை அவர் கண்டாரில்லை. 1934-இல் மேட்டூர் அணையும் எழவே, காவிரியில் உள்ளம் மீன் அருகிப் போயிற்று.

தம் செயலின் விளைவைத் தாமே வினவிய காட்டனும், உள்ளதை ஆராய்ந்துரைத்த டேயும் நமக்கு ஒரு நெறி காட்டினர். ஆற்றால் வாழ்வோர் ஆற்றில் வாழும் உயிர்களையும் பேணுதல் கடனாம்.