எலும்பைத் தமிழில் எண்ணியவர்

விலா எலும்பு ஒன்று என்னைத் தலைகுனிய வைத்த நாளை நான் மறப்பதற்கில்லை.

உடற்கூறு வகுப்பு. மேசைமேல் மண்டை ஓடும், முள்ளெலும்புகளும், விலா எலும்புகளும் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. ஆசிரியர் ஒரு விலா எலும்பை எடுத்து என் கையில் தந்து, இது உடலின் வலப்பக்கத்திற்கு உரியதா, இடப்பக்கத்திற்கு உரியதா என்று கேட்டார். முதல் நாள் இரவெல்லாம் கண்விழித்து உருப்போட்ட இலத்தீன் பெயர்கள் அத்தனையும் என் நாவில் நின்றன. ஆனால், எந்தப் பெயர் எந்த மேட்டுக்கு உரியது, எந்தப் பள்ளத்திற்கு உரியது என்பது தெரியவில்லை. பெயர் இருந்தது, பொருள் இல்லை. நண்பர்கள் சிரித்தார்கள். நான் தலைகுனிந்து நின்றேன்.

அன்று மாலை விடுதியில் தோவாளைப் பக்கத்து அண்ணன் ஒருவர் அதே பாடத்தை எனக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். விலா எலும்புக்குத் தலை உண்டு, கழுத்து உண்டு, கழுத்தை அடுத்து ஒரு சிறு புடைப்பு உண்டு. தலை முதுகுப்பக்கம் இருக்கவேண்டும். உட்குழிந்த பக்கம் நெஞ்சுக்குள் நோக்கவேண்டும். கீழ் விளிம்பின் உட்புறத்தில் வாய்க்கால்போல ஒரு பள்ளம் ஓடும். அந்த வாய்க்காலில்தான் சிரையும் தமனியும் நரம்பும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செல்கின்றன. நெஞ்சில் கட்டிய நீரை எடுக்க ஊசி செலுத்தும் மருத்துவர், ஒரு விலாவின் கீழ் விளிம்பை விலக்கி, அதற்கடுத்த விலாவின் மேல் விளிம்பை ஒட்டிச் செலுத்துவது இதனால்தான். கால் மணி நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி எவர் எந்த விலாவைத் தந்தாலும் பக்கம் சொல்லிவிடுவேன்.

இப்படித் தமிழில் எலும்பு நூல் கற்பித்தவர் எவரேனும் முன்னர் இருந்ததுண்டா என்று அண்ணனைக் கேட்டேன். அவர் சொன்ன பெயர் என்னை வியக்க வைத்தது. அது தமிழர் பெயரன்று. அதன்பின் பாளையத்து நூலகத்தில் பல மாலைகள் அமர்ந்து அம்மனிதரின் வாழ்வைத் தேடிப் படித்தேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவில், மசாசூசெட்சு மாநிலத்து ஊஸ்டர் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். அவருடைய தமையன் ஆண்ட்ரூ கிரீன் நியூயார்க்கு மாநகரை உருவாக்கிய பெருமக்களுள் ஒருவர். தம்பியும் நியூயார்க்கிலேயே மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்திருந்தால் பொருளும் புகழும் தேடி வந்திருக்கும். அவரோ 1847-இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்க மிஷன் அவரை மருத்துவராக அனுப்பியது. சமயம் பரப்புவதும் அவர் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்ததில்லை. ஆனால், அவர் விட்டுச் சென்றது சமய எல்லையைக் கடந்து நிற்கிறது.

முதலில் வட்டுக்கோட்டை, பின்னர் மானிப்பாய். மானிப்பாயில் அவர் நடத்திய மருத்துவ நிலையமே வளர்ந்து, இன்றும் அவர் பெயரைத் தாங்கி மருத்துவமனையாக நிற்கிறது. நோயாளர் கூட்டம் பெருகியது. ஒருவர் கை போதவில்லை. எனவே, வந்த மறு ஆண்டே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் கற்பித்த மொழி ஆங்கிலம். மாணவர்கள் நன்றாகவே பயின்றார்கள். ஆனால், பயின்று முடித்தவர்களில் பலர் அரசாங்க வேலையையும் நல்ல சம்பளத்தையும் தேடி வேற்றூர்களுக்குப் போய்விட்டார்கள். மானிப்பாயைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் நோயாளிகள் முன்போலவே மருத்துவரின்றிக் கிடந்தார்கள்.

இங்கேதான் கிரீனின் பெருமை விளங்குகிறது. மாணவர்களை அவர் நொந்துகொள்ளவில்லை. தம் முறையையே மாற்றினார். தமிழ் மக்களிடையே வாழ்ந்து, தமிழ் மக்களுக்கு மருத்துவம் செய்யப்போகிறவனுக்குத் தமிழிலேயே கற்பிக்கவேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கு முன் தாம் தமிழ் கற்றார். பேச்சுத் தமிழோடு நின்றுவிடாமல், நூல் எழுதும் அளவுக்குக் கற்றார். 1857-இல் உடற்கூறும் உடல்நலமும் பற்றிய அவருடைய முதல் தமிழ் நூல் வெளிவந்தது. அவ்வாண்டே உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பினார். ஓய்வு பெற்றுவிட்டார் என்றே பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால், 1862-இல் மனைவியோடு மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864 முதல் அவருடைய மருத்துவ வகுப்பு தமிழில் நடந்தது. அறுவை மருத்துவத்திற்கு இரண வைத்தியம் என்ற நூல் 1867-இல் வந்தது. எலும்புக்கும் தசைக்கும் நரம்புக்கும் உரிய பெருநூலான மனுஷ அங்காதிபாதம் 1872-இல் வந்தது.

இந்த அங்காதிபாதத்தின் மூலநூல் எது தெரியுமா? இன்று நாம் தலையணை போல் தூக்கிச் சுமக்கிறோமே, அந்தக் கிரே என்பவரின் உடற்கூறு நூல்தான்! அது இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858-இல். எழுதிய ஹென்றி கிரே முப்பத்து நான்கு வயதிலேயே அம்மை நோய்க்கு இரையானார். படம் வரைந்த கார்ட்டர் நம் நாட்டுக்கு வந்து பம்பாயில் உடற்கூறு ஆசிரியராக இருந்தார். எலும்பின் மேட்டிலும் பள்ளத்திலும் அதனதன் பெயரை அங்கங்கேயே எழுதிக் காட்டியது கார்ட்டர் படங்களின் சிறப்பு. அந்நூல் தோன்றிப் பதினான்கு ஆண்டுகளுக்குள் தமிழுக்கு வந்துவிட்டது என்றால், கிரீனின் உழைப்பை என்னென்று சொல்வது!

அந்த உழைப்பின் கடுமை எலும்பைக் கையில் எடுத்தவர்க்கே விளங்கும். மண்டையில் மட்டும் இருபத்திரண்டு எலும்புகள். முதுகந்தண்டில் கழுத்துக்கு ஏழு, மார்புக்குப் பன்னிரண்டு, இடுப்புக்கு ஐந்து. கீழே ஒன்றாய் இணைந்துவிட்ட திருவெலும்பும் வாலெலும்பும். விலா எலும்புகள் பன்னிரண்டு இணை. அவற்றில் ஏழு இணை மார்பெலும்பை நேராகப் பற்றும். மூன்று இணை மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றிக்கொள்ளும். இரண்டு இணை முன்புறம் எதையும் பற்றாமல் நிற்கும். ஒவ்வோர் எலும்பிலும் முளை, மேடு, வரை, பள்ளம், துளை, பிளவு. அத்தனைக்கும் பெயர் வேண்டும். கிரீன் ஒரு நெறி வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேடுவார். இல்லையெனில் வடமொழியில் தேடுவார். அங்கும் இல்லையென்றால்தான் அயற்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார். மாணவர்கள் அவருக்குத் துணைநின்றார்கள். கலைச்சொற்களைத் திரட்டித் தனித் தொகுதியாகவும் 1875-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே கெமிஸ்தம் என்ற வேதியியல் நூலும் வந்தது.

இது வீண் முயற்சி என்று எண்ணும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். நாம் அஞ்சி அஞ்சி உருப்போடும் பெயர்களின் பொருளைக் கேளுங்கள். காதின் பின்னே தட்டுப்படும் முளையின் பெயருக்குக் கிரேக்க மொழியில் முலை போன்றது என்று பொருள். வாலெலும்பின் பெயர் குயிலின் பெயர். அதன் அலகைப் போல வளைந்திருப்பதால் வந்தது. காறை எலும்பின் பெயருக்கு இலத்தீனில் சின்னத் திறவுகோல் என்று பொருள். தலையைத் தாங்கும் முதல் முள்ளெலும்புக்கு, வானத்தைத் தோளில் சுமந்த கிரேக்கத்து அட்லசின் பெயர். அவர்கள் தங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் கண்டவற்றையே எலும்புக்குப் பெயராக இட்டார்கள். அதையே நாம் நம் மொழியில் செய்தால் தாழ்வாகுமா?

கிரீன் இன்னொன்றையும் விரும்பினார். தம் மாணவர்கள் உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் மேலைநாட்டாரைப் போல மாறிவிடக்கூடாது. தமிழராகவே இருந்து தமிழர்க்குப் பணி செய்யவேண்டும் என்றார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை அவர் பயிற்றுவித்தார். தமிழில் பயின்றவர்கள் ஊரைவிட்டு ஓடாமல் ஊரிலேயே மருத்துவம் செய்தார்கள். அதற்காகத்தானே அவர் மொழியை மாற்றினார்!

1873-இல் உடல் தளர்ந்து தாயகம் திரும்பினார். அங்கும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. மனுஷ சுகரணம் என்ற உடலியங்கு நூல் 1883-இல் வெளிவந்தது. இறுதிக் காலத்தில் அவர் தமிழாக்க எடுத்துக்கொண்ட நூல்களுள் ஒன்று 1868-இல் வெளிவந்த இந்திய மருந்து நூல். அதைத் தொகுத்த எட்வர்டு வாரிங் யார்? இதே திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் மன்னருக்கு அரண்மனை மருத்துவராக இருந்தவர். நாம் நாள்தோறும் நடக்கும் இம்மண்ணின் மருந்தறிவு, ஊஸ்டர் நகரத்து வீடொன்றில் தமிழாகிக்கொண்டிருந்தது என்று எண்ணும்போது என் உடல் சிலிர்க்கிறது. 1884-ஆம் ஆண்டு மே மாதம் கிரீன் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவராய்த் தொண்டு செய்தவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்கும்படி அவரே சொல்லி வைத்திருந்தார். அப்படியே பொறித்தார்கள்.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று? அவர் சென்றதும் அவர் தொடங்கிய தமிழ் மருத்துவக் கல்வி தளர்ந்தது. பின்னர் நின்றே போயிற்று. 1870-இல் கொழும்பில் எழுந்த மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. கிரீன் வழங்கிய சொற்கள் பலவும் வழக்கொழிந்தன. அங்காதிபாதம் என்று இன்று எவரும் சொல்வதில்லை, உடற்கூறு என்கிறோம். கெமிஸ்தம் வேதியியலாகிவிட்டது. சொற்கள் மாறலாம். மாறுவது மொழிக்கு இயல்பு. சொல்லுக்குப் பொருள் விளங்கவேண்டும் என்ற அவருடைய கொள்கை மட்டும் மாறவில்லை. அந்த விலா எலும்பு எனக்குக் கற்பித்தது அதைத்தான்.

நண்பர்களே, தேர்வை நாம் ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறோம். அதில் பிழையில்லை. ஆனால், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இந்நகருக்கு மருத்துவம் தேடி வருகிற பாட்டி ஆங்கிலத்தில் நோகமாட்டாள். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்து முதுகு ஒடிந்த தமிழ்த் தொழிலாளிக்கு எந்த எலும்பு நைந்தது, ஏன் கால் மரத்தது என்பதை அவன் மொழியில் சொல்ல வேண்டியவர்கள் நாம். கிரீனைப்போல நூல்களை எழுதிக் குவிக்க நம்மால் இயலாமல் போகலாம். நம் தமிழ்மன்றம் கூடும் நாள்தோறும் பத்து எலும்புச் சொற்களுக்காவது நல்ல தமிழ் காண இயலாதா? எங்கோ பிறந்தவர் ஒருவர் நமக்காகத் தொடங்கிய பணி அது. விலா எலும்பின் பெயர்களோடு நான் தொடங்கிவிட்டேன். மண்டை ஓட்டை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?