பூட்டுக்காரர் மகன் ஜார்ஜ் ஓம்

வி = ஐஆர். பிளஸ் டூவில் மனப்பாடம் பண்ணோம், ஃபர்ஸ்ட் இயரில் மறுபடி எழுதினோம், லேப் வைவாவில் இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கோம். ஆனா இந்த மூணு எழுத்துக்காக ஒரு மனுஷன் நல்ல வேலையை விட்டுட்டுப் பல வருஷம் அல்லாடினார்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் கதைக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு கேஸ்.

சித்திரை மாசம். மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்குக் காரில் போறீங்க. காலையில் ஏசி ஜில்லுனு இருக்கு. மலையடிவாரத்தில் வண்டியை வெயிலில் நிறுத்திட்டு, சாமி கும்பிட்டு, மதியம் வந்து ஸ்டார்ட் பண்ணா வெறும் அனல் காத்து. ப்ளோயர் ஓடுது, கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கலை. கிளட்ச் கனெக்டரைக் கழட்டி, ரெண்டு பின்னுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைக்கிறீங்க. 12 வோல்ட் காட்டுது. சப்ளை சரியா வருது, அப்போ காயில்தான் போச்சுன்னு முடிவு பண்ணி, காசு போட்டுப் புதுசு மாட்டுறீங்க. மறுநாள் மதியம் அதே அனல் காத்து. தப்பு எங்கே? யோசிச்சுக்கிட்டே படிங்க.

1789 மார்ச் 16, ஜெர்மனியின் எர்லாங்கன் ஊர். ஜார்ஜ் சைமன் ஓமின் அப்பா பூட்டு செய்கிற தொழிலாளி. திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளைப் பார்த்தவங்களுக்கு அந்த வீடு எப்படி இருந்திருக்கும்னு புரியும். காலேஜ் பக்கமே போகாத அந்த அப்பா, தானே படிச்சுக் கணக்கும் இயற்பியலும் கத்துக்கிட்டு, ரெண்டு பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஜார்ஜுக்குப் பத்து வயசு இருக்கும்போது அம்மா இறந்துட்டாங்க. தம்பி மார்ட்டின் பின்னாளில் பேர்பெற்ற கணித அறிஞர் ஆனார்.

1805-ல் ஜார்ஜ் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்து என்ன செய்தார்? டான்ஸ், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ். மூணு செமஸ்டர் பொறுத்துப் பார்த்த அப்பா, படிப்பை நிறுத்தி வெளியே அனுப்பிட்டார். (சிரிக்காதீங்க, நம்ம கிளாஸிலும் ரெண்டு பேர் இருக்காங்க.) சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. அங்கேதான் அவர் தானாக உட்கார்ந்து படிச்சார். 1811-ல் திரும்பி வந்து அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பட்டம் கிடைத்தது, ஆனா நல்ல வேலை கிடைக்கலை. குறைஞ்ச சம்பளத்தில் பள்ளி மாறிப் பள்ளியாகப் பாடம் எடுத்தார். 1817-ல் எழுதின ஒரு ஜியோமெட்ரி புத்தகம் பிரஷ்ய அரசரின் பார்வைக்குப் போய், கொலோன் நகரப் பள்ளியில் வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியில் அருமையான இயற்பியல் லேப் இருந்தது. பூட்டுப் பட்டறையில் பழகின கை சும்மா இருக்குமா? தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துக்கிட்டார்.

அந்தக் காலத்தில் அம்மீட்டர் கிடையாது, மல்டிமீட்டர் கிடையாது. கரண்ட் போகிற கம்பிக்கு மேலே ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு விலகுதுன்னு அளக்கணும். நீளம் வேறுவேறான கம்பிகளை மாத்தி மாத்தி அளந்து, 1825-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் போட்ட ஃபார்முலா சரியில்லை. அன்றைய வோல்டா பேட்டரி அளந்துகொண்டு இருக்கும்போதே சக்தி குறைஞ்சுக்கிட்டே போகும். சோர்ஸே ஆடினால் ரீடிங்கை எப்படி நம்புறது?

கட்டுரைகளை வெளியிட்ட இதழின் ஆசிரியர் பொக்கண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: பேட்டரியை விட்டுட்டு தெர்மோகப்பிள் வெச்சுப் பாருங்க. சீபெக் 1821-ல் கண்டுபிடித்த விஷயம் அது. ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கிற தண்ணீரிலும் இன்னொன்றை ஐஸிலும் வைத்தார். வெப்பநிலை வித்தியாசம் மாறாது, அதனால் வோல்டேஜும் மாறாது. 2 இன்ச்சில் ஆரம்பித்து 130 இன்ச் வரை எட்டு செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி அளந்தார். 1826-ல் கணக்கு விழுந்தது. ஒரு எண்ணை, கம்பியின் நீளமும் இன்னொரு மாறாத எண்ணும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் ரீடிங் வந்துவிடுகிறது.

அந்த மாறாத எண்ணைக் கவனிங்க. அது சர்க்யூட்டில் மிச்சம் இருக்கிற எல்லாவற்றின் தடை. கம்பியை மட்டும் தனியாக எடைபோட முடியாது, கரண்ட் போகிற மொத்தச் சுற்றும் சேர்ந்துதான் பதில் சொல்லும். ஓம் கண்ட உண்மை இதுதான்.

இப்போ உங்க காருக்கு வாங்க. காயில் தடை 4 ஓம்னு வையுங்க. 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போகணும். ஆனா பாடியில் எர்த் போல்ட் துருப்பிடிச்சு அங்கே 2 ஓம் ஏறியிருக்கு. மொத்தம் 6 ஓம், கரண்ட் 2 ஆம்பியர்தான். காயிலுக்கு 8 வோல்ட் கிடைக்கும், 4 வோல்ட் துருவிலேயே போயிடும். காலையில் எப்படியோ சமாளிச்ச காந்தம், மதியம் சூட்டில் செம்புக் காயிலின் தடையும் ஏறினதும் கைவிட்டுடும். சரி, மீட்டர் ஏன் 12 காட்டியது? கனெக்டரைக் கழட்டிட்டீங்களே! மல்டிமீட்டரின் உள்தடை பொதுவா 10 மெகாஓம் அளவு. கரண்ட் போறதே இல்லை, அப்புறம் துருவில் எப்படி வோல்டேஜ் விழும்?

அதனால் கனெக்டரை மாட்டி, ஏசியை ஆன் பண்ணி, கரண்ட் போகும்போதே அளங்க. பேட்டரி நெகட்டிவிலிருந்து காயிலின் எர்த் பக்கத்துக்கு மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட் மாதிரி சின்ன எண்தான் வரணும். 4 காட்டினால் திருடன் அங்கேதான். பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி பார்த்தால் ஃபியூஸ், ரிலே கான்டாக்ட் எல்லாம் மாட்டிக்கும். (பெல்ட்டும் ஃபேனும் ஓடும், கையும் வயரும் ஜாக்கிரதை!)

கண்டுபிடிச்சதும் ஓமுக்கு மாலை மரியாதை நடந்திருக்கும்னு நினைக்கிறீங்களா? பாதிச் சம்பளத்தில் லீவ் எடுத்து பெர்லின் போய், 1827-ல் எல்லாவற்றையும் கணித முறையில் புத்தகமாகப் போட்டார். ஜெர்மனியில் பெரும்பாலானவர்கள் கண்டுக்கலை, சிலர் மோசமாகவே தாக்கினார்கள். இயற்பியலை இவ்வளவு கணக்காக எழுதுவது அன்று அங்கே பலருக்குப் பிடிக்கலை. ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பதவி வரலை. மனம் நொந்து கொலோன் வேலையையும் விட்டார். 1833-ல் நியூரம்பெர்க் பாலிடெக்னிக்கில் சேரும் வரை பெர்லினில் சின்னச் சின்ன டீச்சிங் வேலைகளில் காலம் ஓட்டினார்.

ஊர் மதிக்காததை வெளியூர் மதித்தது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி மெடல் கொடுத்தது. வாழ்க்கை முழுக்க ஏங்கின பேராசிரியர் நாற்காலி மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1852-ல் கிடைத்தபோது அவருக்கு வயசு 63. ரெண்டே வருஷம். 1854 ஜூலை 6-ம் தேதி இறந்தார். கல்யாணம் பண்ணிக்கலை.

1881-ல் பாரிஸில் கூடின மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை உறுதிசெய்தது. இன்னைக்கு அழகர்கோவில் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிற 200 ரூபாய் மல்டிமீட்டரிலும் ஒமேகா குறி இருக்கு. ஆனா அந்த மீட்டரைக் கையில் எடுக்கும்போது அவர் பெயரைவிட அவர் வேலை செய்த முறை ஞாபகம் வரட்டும். முதலில் சோர்ஸ் ஆடாமல் இருக்கான்னு பார்த்தார். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாத்தினார். சுற்று முழுசாக ஓடும்போது அளந்தார். ரீடிங் சொன்னதும், ஏற்கெனவே அச்சில் ஏறிவிட்ட தன் ஃபார்முலாவையே தூக்கிப் போட்டார். பார்ட்டை மாத்திப் பார்க்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. அளந்து பார்த்து மாத்துறவங்களா நீங்க இருங்க.